இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

போன மாதம் பழைய பழக்கத்தில் ஷோரூம் பக்கம் வந்திருந்தேன். டீ குடிக்கும் நேரத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி என்னை ஓரமாக அழைத்துக் கேட்டாள். “எஸ்தர் சேச்சி, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஒரு கஸ்டமர் சொன்னா, எதுவரைக்கும் சொல்லாம இருக்கணும்?”

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எப்படி வளைத்துப் பேசி விற்பது, பேரம் பேசுபவனை எப்படிச் சமாளிப்பது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். “டீ ஆறிப்போகுது, முதல்ல குடி” என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தபிறகு சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, உங்கள் எல்லோருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: ஓய்வு பெறும் வரை இந்தப் பைபாஸ் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் பொறுப்பு என்னுடையது. கைமாறி வரும் ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கிற இடத்தில் ஒரு பெண் சாவியோடு வந்து நின்றால், “டிரைவர் எங்கே?” என்று கேட்ட ஆண்கள் நிறையப் பேர். அவர்களைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஆக்குளம் ஏற்றத்தில் ஒரு தடவை ஏற்றி இறக்கினால் போதும், பிறகு அந்தக் கேள்வி வராது.

எனக்கு வேலை கற்றுத் தந்தவர் அப்போதைய மேலாளர். பேர் வேண்டாம். கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்ன ஒரே விதி, வண்டிக்குள் கேட்டதை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது. டெஸ்ட் டிரைவில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்து, கண் ரோட்டில் இருக்கும்போது, முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, மனைவியிடம் சொல்லாததைக்கூட நம்மிடம் சொல்வார்கள். எங்களோடு இருந்த ஒரு பையன், வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்து, அவருடைய தொழில் பங்காளிகள் நிற்கும்போதே, “சார், நெஞ்சுவலி இப்ப தேவலையா?” என்று அன்பாகத்தான் கேட்டான். அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. மேலாளர் அன்றைக்கே பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அன்று முதல் அந்த விதியை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சரியான விதிதான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

இனி அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன்.

பழவங்காடியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தார் ஆறுமுகம் அண்ணாச்சி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மஸ்கட்டில். வாரம் முழுக்க எடை, விலை, சரக்கு, லாரி என்று பேசித் தீர்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அவரிடம் ஒரு சிவப்பு நிற இரண்டு இருக்கை வண்டி இருந்தது. எங்களிடம் வாங்கியதுதான். கிளட்ச் மிதித்துக் கியர் போடுகிற வண்டி. எண்ணெய்க் கறை ஏறிய வேட்டியை அவிழ்த்துவிட்டு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தால் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

அவரைப் போல ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் ஊரில் இருந்தார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும். ஒருவர் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் குடியிருந்த பல் டாக்டர். மற்றவர் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குக் கல்லும் மணலும் இறக்கிக் கொடுக்கும் காண்டிராக்டர் ஸ்டீபன். ஞாயிறு விடியும்போது எல்லோரும் பழவங்காடி கணபதி முன்னால் கூடுவார்கள். ஆளுக்கொரு தேங்காய் உடைப்பார்கள். ஸ்டீபனும் உடைப்பார், கேட்டால் “டயர் எல்லார்க்கும் ஒண்ணுதானே சேச்சி” என்பார். பிறகு நெடுமங்காடு வழியாகக் கல்லாறு. அங்கே ஆற்றோரத்து டீக்கடையில் ஒரு நிறுத்தம். அதற்குமேல் பொன்முடிக்கு ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள்.

கல்லாற்றில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை ஏற்படுத்தியவரே அண்ணாச்சிதான். கிளட்ச் வண்டிகள் முதலில் ஏறும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பின்னால்தான் வர வேண்டும். அதோடு விட்டாரா? ஆட்டோமேட்டிக்கில் வந்தவன்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். யாராவது முணுமுணுத்தால் அண்ணாச்சி கையைத் தட்டிச் சொல்வார்: “ஒனக்கு எடது காலுக்கு வேலையே இல்லேல்லா? அது சும்மாத்தானே கெடக்கு, நடந்து போயி வாங்கிட்டு வாவே!” எல்லோரும் சிரிப்பார்கள். ஷோரூம் சார்பில் புது வரவு ஏதாவது இருந்தால் என்னையும் அவர்களோடு அனுப்புவார்கள். என் கையில் தருவது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். ஆகவே நானும் டீ தூக்கியிருக்கிறேன். கோபமாக வரும். ஆனால் அண்ணாச்சி என் கையிலிருந்து கிளாசை வாங்கும்போது, “எம்மா, ஒன்னையச் சொல்லல, வண்டியச் சொல்லுதேன்” என்பார். கோபம் போய்விடும்.

அவர்கள் நடுவில் நடக்கும் சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் கியர், மனிதனால் முடியாத வேகத்தில் மாறும் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் சண்டை போடுவார்கள். “அது காரா? ஸ்விட்ச்சப் போட்டா சுத்துற மிக்ஸி” என்பார் அண்ணாச்சி. “கியர் மாத்தும்போது வண்டி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கும். நாமளும் பதில் சொல்லணும். தப்பாச் சொன்னா மொறைக்கும். அதுல ஒரு சொகம் இருக்கு டாக்டரே.” டாக்டர் தலையாட்டுவார். “அண்ணாச்சி சொல்றது வாஸ்தவம். தப்பு பண்றதுக்கு இடமே இல்லேன்னா அப்பறம் நாம எதுக்கு உள்ள உக்காந்துண்டு?” எனக்கும் உள்ளூர அந்தக் கட்சிதான். அதை அவர்களிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட அண்ணாச்சி ஒருநாள் உச்சிவெயிலில் ஆட்டோரிக்‌ஷாவில் வந்து ஷோரூமில் இறங்கினார். சிவப்பு வண்டி எங்கே என்று கேட்டேன். நீல நிறத்தில் நின்ற ஒரு வண்டியைக் காட்டி, “அத ஒரு சுத்து பாக்கலாமாம்மா?” என்றார். அது ஆட்டோமேட்டிக். தெரியாமல் கேட்கிறாரோ என்று நினைத்து, “அண்ணாச்சி, அதுல கிளட்ச் கிடையாது” என்றேன். “தெரியும்” என்றார், குரலைத் தாழ்த்தி.

ஸ்டீரிங்கில் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். வேளி போகிற ரோடு. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு பஸ் நின்றது. அண்ணாச்சியின் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை அழுத்தமாக மிதித்துவிட்டது. இரண்டு பேரும் பெல்ட்டில் போய்த் தொங்கினோம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்னிலேயே கெட்ட வார்த்தை சொன்னான். கிளட்ச் வண்டியிலிருந்து மாறி வருகிற எல்லோரும் முதல் நாளில் செய்கிற தப்பு இது, நீங்களும் தினமும் பார்ப்பீர்கள். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றும், வலது கையால் தன் இடது தொடையைப் பிடித்தபடியே இருந்தார்.

“எடது காலு மரத்துப் போவுது எம்மா” என்றார். “முதுகுல டிஸ்க்காம். சில நேரம் பாதம் எங்க இருக்குன்னே தெரியல. குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கேன்.”

அவரே தொடர்ந்தார். “போன ஞாயித்துக்கெழமை வளைவுல காலு வழுக்கிட்டு. வண்டி பின்னால உருண்டுட்டு. டாக்டரு வண்டி பின்னாடியே நிக்கி. எப்படியோ கைப்பிரேக்கப் போட்டுட்டேன். மேல போயி, ‘டாக்டரு தூங்குதாரான்னு சோதிச்சேன்’னு சொல்லிச் சிரிச்சு மழுப்பிட்டேன். யாருக்கும் தெரியாது.”

இடது காலை இருக்கைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்தார். வெறும் வலது காலில், ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டைகளை விரலால் தட்டிக் கியரை இறக்கியும் ஏற்றியும், வேளி வரை போய்த் திரும்பினார். நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த முகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையின் வெளிச்சம் அப்படியே இருந்தது. ஷோரூம் வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. அதாக்கும் சங்கடம்” என்றார்.

“அப்போ எடுத்துக்குங்க அண்ணாச்சி. உங்க காலுக்கு இதுதான் சரி. அந்தச் சிவப்பு வண்டியில இனி மலை ஏறினா நீங்களும் போவீங்க, பின்னால வர்றவங்களும் போவாங்க.”

பெடல்களைக் குனிந்து பார்த்தார். “இதுல சும்மா பேருக்கு ஒரு கிளச்சு பெடல் மாட்டித் தர முடியுமா? மிதிச்சா ஒண்ணும் ஆவ வேண்டாம். பாக்கதுக்கு இருந்தாப் போதும்.”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கேலியில்லை என்று தெரிந்தது. அப்படியெல்லாம் முடியாது என்றேன்.

“பின்ன எப்படிம்மா கல்லாறுல போயி எறங்குவேன்? நான் பேசுன பேச்சென்ன, ஏசுன ஏச்சென்ன! அவனுவ ஒண்ணும் சொல்ல மாட்டானுவ. நல்லவனுவதான். ஆனா நான் டீ வாங்கப் போவையில முதுகுக்குப் பின்னால ஒரு சிரிப்பு கேக்கும்லா? அந்த ஒரு சிரிப்பத் தாங்க மாட்டேன்.” இறங்கும்போது என் பக்கம் திரும்பினார். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. சத்தியமெல்லாம் வேண்டாம். நீ சொல்ல மாட்டேன்னு சொன்னாப் போதும்.”

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

கொஞ்ச நாளில் சிவப்பு வண்டி எங்களிடமே விற்பனைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க வேண்டியிருக்கிறது, ஓட்ட நேரமில்லை என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். சொன்னதற்காகக் கடையைத் திறக்கவும் செய்தார். நான் பாளையத்தில் ஆராதனை முடிந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள் மூடிக் கிடக்க, இவர் கடை மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. குடங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு வாரத்தில் மிச்சமிருந்த ஒரே நாள் அதுதான் என்பது தெரிந்தவள் நான் மட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்ப் பேசலாமா என்று நினைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அந்த மழைக்காலம் முடிந்ததும் பல் டாக்டர் வந்தார். அவரும் ஆட்கள் குறைவான நேரம் பார்த்துத்தான் வந்தார். நாள் முழுக்க நின்றே பல் பிடுங்கிப் பிடுங்கி முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. அவருக்கும் ஆட்டோமேட்டிக் வேண்டும். அதே நீல வண்டியைத்தான் காட்டினார். எடுத்துக்கொள்ளவும் முடிவு செய்துவிட்டார்.

“எஸ்தர், இதை யாருட்டயும் சொல்லப்படாது. முக்கியமா அண்ணாச்சிட்ட. அவர் இப்போ வரதில்லைதான். ஆனாலும் அவர் வச்ச வழக்கத்தை நாங்க விடலை. அவருக்கு மரியாதை பாரு. அவர் காதுல விழுந்தா என்னன்னு நினைப்பார்? ‘டாக்டரும் மிக்ஸி வாங்கிட்டான்’னு மனசு விட்டுடும் அவருக்கு.”

நான் தலையாட்டினேன். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, நீல வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி அவர் கேட்டார். “ஆமா, அண்ணாச்சி ஏன் வண்டியைக் கொடுத்துட்டார்? உனக்கு ஏதாவது தெரியுமா? எங்கள்ள யாராவது மனசு நோகப் பேசிட்டமோன்னு எனக்கு ஒரே கிலேசம்.”

பிள்ளைகளே, அந்த நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப வாழ்ந்து பார்த்திருக்கிறேன். ‘டாக்டர், நீங்க உக்காந்திருக்கிற இதே சீட்டுல அவரும் உக்காந்தார்.’ இவ்வளவுதான். ஒரு வாக்கியம். நாக்கு வரை வந்தது. நெஞ்சுவலி கேட்ட அந்தப் பையனின் ஞாபகமும் கூடவே வந்தது. “கடையில வேலை ஜாஸ்தின்னு கேள்வி, டாக்டர்” என்றேன். அவர் நம்பினார்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போனேன். டம்ளர் வாங்குவது போல ஒன்றிரண்டைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னேன். “அண்ணாச்சி, உங்க கால் விஷயத்தை ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிக்கிறேன். அனுமதி குடுங்க. நல்லதுதான் நடக்கும்.”

“யாருட்ட?”

அதைச் சொன்னால் டாக்டருக்குக் கொடுத்த வாக்குப் போகும். “அது இப்ப கேக்காதீங்க” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “எவனோ கேட்டிருக்கான். நீ ஏற்கெனவே சொல்லிட்டியோ?”

“இல்ல அண்ணாச்சி, சத்தியமா இல்ல.”

“பின்ன எதுக்கு இந்தப் பேச்சு? பரிதாபப்பட்டு என்னையக் கூட்டிட்டுப் போயி முன்சீட்டுல உக்கார வைக்கப் போறானுவளா? ஒன்ன நம்பிச் சொன்னேன் எம்மா. இனி அதப் பேசணும்னா கடைக்கு வராத.”

இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே வண்டி வேண்டும். இரண்டு பேரும் பயப்படுவது மற்றவரை. நடுவில் இரண்டு வாக்குகளையும் தூக்கிக்கொண்டு நான். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து, கோயில் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். உடைந்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரை ஏசுவதென்று தெரியாமல் எல்லோரையும் மனதுக்குள் ஏசினேன்.

அடுத்து வந்தவர் ஸ்டீபன். விழிஞ்ஞம் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் மிதித்து, இடுப்பு விட்டுப்போச்சு என்றார். ஒரு கறுப்பு ஆட்டோமேட்டிக்கை எடுத்தார். அவரும் கிளம்பும்போது சொன்னது அதேதான். “சேச்சி, நம்மட விஷயம் டாக்டர் அறியண்டா கேட்டோ? அண்ணாச்சியும் அறியண்டா. அவரு அறிஞ்சா பின்ன எனக்கு அவரு முகத்தில நோக்க பற்றில்லா.” அண்ணாச்சி முகத்தில் முழிக்க முடியாதாம். அவரிடமும் நான் தலையாட்டினேன். தலையாட்டுவது அதற்குள் எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே விளங்கும். கல்லாற்றில் டீ குடிக்கும்போது ஒருவர் வண்டியில் மற்றவர் ஏறி உட்காருவார், ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்ப்பார், ஜன்னலில் சாய்ந்து பேசுவார். அங்கே எதை மறைக்க முடியும்? ஆகவே டாக்டருக்குச் சாக்காக ஞாயிறுதோறும் யாருக்காவது பல் வலித்தது. ஸ்டீபனுக்கு ஞாயிறுதோறும் சைட்டில் வேலை இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். அவர்களில் இன்னும் சிலருக்கும் நானே சாவி கொடுத்தேன், கிளட்ச் இல்லாத வண்டிகளுக்கு. பழவங்காடியில் கூடுவது நின்றது. ஒரு கூட்டமே கலைந்துபோனது, சண்டை இல்லை, சச்சரவு இல்லை. எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்துவிட்டு, ஒருவருக்கொருவர் பயந்து ஒளிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த வண்டிக்குள்ளேயே, “இது யாருக்குத் தெரிஞ்சா உங்களுக்குப் பயம்?” என்று கேளுங்கள். பேரைச் சொல்வார். “அப்போ நீங்களே போய் முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க, வண்டி இங்கதான் நிக்கும்” என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள். சில பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். நான் அப்படிக் கேட்கத் தொடங்கியது ரொம்பப் பிந்தித்தான். அண்ணாச்சிக்கு அது உதவவில்லை.

அவர் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகு எடுத்தார்கள். வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில். நான் போனபோது சந்தின் வாயிலில் டாக்டரின் நீல வண்டி நின்றது. அதற்கு முன்னால், சந்துக்குள், ஸ்டீபனின் கறுப்பு வண்டி. இடமில்லாமல் அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். மகன் என்னைத் தெரியாமல் கும்பிட்டான்.

தைக்காட்டுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. வண்டிகளை எடுங்கள் என்று யாரோ கத்தினார்கள். டாக்டர் உள்ளே ஒரு கையால் மகனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் போய், “டாக்டரே, சாவி தா, ஞான் மாத்தாம்” என்று அவர் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்டீபன் போய்விட்டார்.

நான் வாசலில் நின்றேன். ஸ்டீபன் நீல வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி உடனே கிளம்பவில்லை. கண்ணாடி வழியாக அவர் தலை கீழே குனிந்திருப்பது தெரிந்தது. பிறகு நிமிர்ந்தார். வண்டியை மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல், தெரிந்த கையாகப் பின்னால் எடுத்து ரோட்டோரம் விட்டார்.

டாக்டர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். ஸ்டீபன் இறங்கி வந்து சாவியை நீட்டினார். சிரிக்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தேன், திருடிப் பிடிபட்டவர் போல இருந்தது. ஸ்டீபன் இன்னொரு கையால் தன்னுடைய சாவியையும் எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். “இனி என்டதும் டாக்டரே மாத்து” என்றார்.

டாக்டர் போய்க் கறுப்பு வண்டியின் கதவைத் திறந்தார். உட்காரவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி பெடல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தவும், ஏறி, எடுத்து, ஓரம் விட்டார். திரும்பி வந்து ஸ்டீபனின் தோளில் கை வைத்தார். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு வண்டிக்கும் சாவி கொடுத்தவள் நான்தானே.

“உனக்கு எல்லாம் தெரியும், இல்லையா?” என்றார் டாக்டர்.

உள்ளே தேவாரம் பாடத் தொடங்கியிருந்தார்கள். வாக்கு வாங்கியவரோடு வாக்கும் போய்விடுமா, போகாதா? என் மேலாளர் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. சொன்னேன். “டாக்டர், உங்க நீல வண்டியில முதல்ல உக்காந்து பாத்தது அண்ணாச்சி. கால் மரத்துப் போச்சு அவருக்கு. வேளி வரைக்கும் ஓட்டினார். அவ்வளவு சந்தோஷமா ஓட்டினார். நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு பயந்து வேண்டாம்னுட்டார்.”

ஸ்டீபன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் பேசத் தொடங்கியபோது என்னிடம் பேசுகிறாரா, உள்ளே கிடப்பவரிடமா என்று தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை காலம்பற தனியா இந்த நீல வண்டியை எடுத்துண்டு அவர் கடை வாசல் வழியாத்தான் போவேன் எஸ்தர். அவரைப் பாக்கணும்னே அந்த வழியாப் போவேன். என் வண்டிச் சத்தம் கேட்டதுமே எழுந்து படியில வந்து நிப்பார். நிறுத்துன்னு கை காட்டுவார். ஒரு நாளும் நிறுத்தலை நான். கிட்ட வந்து உள்ள எட்டிப் பாத்துடுவாரோன்னு, கையை மட்டும் ஆட்டிட்டுப் போயிடுவேன்.”

அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார்.